ஜாடிக்கு எவர்சில்வர் புனல்: எதைப் பார்த்து வாங்குவது

ஆகஸ்ட் பாதி தாண்டினால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காய்கறிக் கடை வாசல்களில் ரோமா தக்காளி பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பெரும்பாலும் லெமிங்டன் பக்கத்து விளைச்சல். தக்காளியைக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, கொதிநீரில் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து, கெடாமல் சேமிப்பதற்காக முன்பெல்லாம் அந்தப் பெட்டிகளை இத்தாலியக் குடும்பங்கள்தான் கார் நிறைய ஏற்றிக்கொண்டு போகும். இப்போது டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம்மவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஜாடி எந்த அளவு, கொதிக்க வைக்கும் பானை எவ்வளவு ஆழம், ஜாடி தூக்கும் இடுக்கி எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். புனலை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கண்ணில் பட்டதைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நான் கோயம்புத்தூரில் பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டியும் குழாயும் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பாத்திரம் கையில் வந்தால் அதன் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்பே விரல் இணைப்பைத் தேடிப் போய்விடும். புனலையும் அப்படித்தான் பார்க்கிறேன். மருமகள் இதைக் கேலி செய்வாள்: "மாமா கடைக்கு வந்தால் ஒரு புனலுக்கு ஒரு மணி நேரம்." செய்யட்டும். தக்காளி அடைக்கும் நாளில் அவள் தேடுவது நான் வாங்கிய புனலைத்தான்.

ஜாடி அடைப்பதில் புனலுக்கு என்ன வேலை? கீழே சிந்தாமல் ஊற்றுவது என்று நினைப்போம். சிந்தினால் துடைத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. ஜாடியின் விளிம்பில் உணவு படாமல் பார்த்துக்கொள்வதுதான் புனலின் உண்மையான வேலை. ஜாடியின் மூடி இரண்டு துண்டாக வரும். ஒன்று தட்டையான தகடு, இன்னொன்று திருகு வளையம். தகட்டின் அடியில் ஓரமாக ரப்பர் போன்ற ஒரு பூச்சு வளையம் இருக்கும். கொதிநீரில் ஜாடி சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று அந்தப் பூச்சுக்கும் விளிம்புக்கும் இடையே வெளியேறும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகடு கீழே இழுக்கப்பட்டு, பூச்சு கண்ணாடி விளிம்பில் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் ஒரு தக்காளி விதையோ, ஜாம் துளியோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. சில நேரம் மறுநாளே தெரிந்துவிடும், தகட்டின் நடுவை அமுக்கினால் டிக் என்று ஆடும். சில நேரம் ஒட்டியது போல் இருந்து, அலமாரியில் வைத்த பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் ஜாடியின் வாயை அளந்துகொள்ளுங்கள். வட அமெரிக்க ஜாடிகளில் இரண்டு வாய் அளவுகள்தான் வழக்கம். சாதாரண வாய்க்கு மூடி 70 மி.மீ.; அகன்ற வாய்க்கு 86 மி.மீ. இவை மூடியின் அளவுகள். புனல் நுழைய வேண்டியது உள்வாயில். சாதாரண ஜாடியின் உள்வாய் சுமார் 60 மி.மீ., அகன்றதில் சுமார் 76 மி.மீ. இருக்கும். புனலின் கழுத்து, அதாவது கீழே இறங்கும் குழல், வெளிவிட்டத்தில் 52 முதல் 57 மி.மீ. வரை இருந்தால் இரண்டு வகை ஜாடிக்கும் ஒரே புனல் போதும். அகன்ற வாய் ஜாடியில் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். 60-ஐத் தாண்டிய கழுத்துள்ள புனலும் கடையில் உண்டு. அது அகன்ற வாய்க்கு மட்டும் ஆகும். அட்டையில் எல்லா ஜாடிக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு காலி ஜாடியைப் பையில் எடுத்துப் போய், கடையிலேயே பொருத்திப் பாருங்கள்.

ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த எண்ணெய்ப் புனல் இதற்கு உதவாது. அதன் குழல் பெருவிரல் அளவுதான் இருக்கும். நறுக்கிய தக்காளி அதில் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். கரண்டிக் காம்பால் குத்தத் தொடங்கினால் தெறிப்பது முழுவதும் விளிம்பில்தான். அது எண்ணெய்க்கும் தேனுக்கும் இருக்கட்டும்.

அடுத்தது கழுத்தின் நீளம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்காத இடம் இது.

ஜாடியை நிரப்பும்போது உணவுக்கும் மூடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். ஜாமுக்குக் கால் அங்குலம். தக்காளிக்கும் பழத்துக்கும் அரை அங்குலம். பிரஷர் கேனரில், அதாவது ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய பானையில், வைக்கும் காய்கறிக்கு ஓர் அங்குலம். குறைத்து விட்டால் கொதிக்கும்போது உணவு பொங்கி மூடியின் பூச்சுக்கு அடியில் புகும். அதிகம் விட்டால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறாது. இப்போது புனலைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் புனல்களில் கழுத்து ஜாடிக்குள் ஓர் அங்குலம் வரை இறங்குவது சாதாரணம். ஜாமைக் கால் அங்குல இடைவெளி வரை நிரப்பினால் புனலின் கழுத்து முக்கால் அங்குலம் ஜாமுக்குள் புதைந்திருக்கும். தூக்கும்போது கழுத்துக்குள் நின்ற ஜாம் சரிந்து சுற்றிலும் பரவும், மட்டம் இறங்கும். கழுத்தின் வெளிப்புறம் முழுவதும் ஜாம் பூசியிருக்கும். அந்தப் பூச்சோடு புனல் ஜாடியின் வாயைத் தாண்டி வெளியே வரும்போது எங்கே சொட்டும்? சரியாக விளிம்பில்தான். விளிம்பைக் காக்க வந்த புனலே விளிம்பைக் கெடுத்துவிடும்.

எனவே கழுத்து குட்டையாக இருப்பது நல்லது. அரை அங்குலத்தை ஒட்டி இறங்குகிற புனல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நீளக் கழுத்துதான் கிடைக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. உணவின் மட்டம் கழுத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். புனலை நேராக மேலே தூக்குங்கள், சாய்க்க வேண்டாம். தூக்கியதும் கழுத்தின் அடியில் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சிறிய கரண்டியால் ஜாடியின் நடுவில் விட்டு மட்டம் சரிசெய்யலாம். சில எவர்சில்வர் புனல்களில் கழுத்தின் மேல் அளவுக்கோடு பொறித்திருப்பார்கள். புனல் இடத்தில் இருக்கும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவது அரிது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஓரத்தில் படிப்படியாக வெட்டிய பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று ஜாடிக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். அதன் மறுமுனையை விட்டு ஜாடிக்குள் காற்றுக் குமிழியையும் எடுக்கலாம். குமிழி எடுக்கக் கத்தியை விடாதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. கழுத்து ஜாடியின் வாயில் இறுக்கமாகப் பொருந்துவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உணவு உள்ளே போனால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டாமா? இறுக்கமாக இருந்தால் கெட்டியான ஜாம் கழுத்தில் தேங்கி நின்று, பிறகு குபுக்கென்று குமிழி விட்டுத் தெறிக்கும். கொதிக்கிற ஜாம் மணிக்கட்டில் பட்டால் தண்ணீர் போல் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். சில புனல்களில் கழுத்தின் வெளிப்புறம் மேடு மேடாக வரி எடுத்திருப்பார்கள், அதுவும் காற்றுப் போகத்தான்.

இனி உலோகம். புனல் எவர்சில்வராக ஏன் இருக்க வேண்டும்? தக்காளி, எலுமிச்சை, வினிகர், உப்பு எல்லாமே உலோகத்தைத் தின்பவை. அலுமினியம் இவற்றோடு சேர்ந்து கறுக்கும், உணவிலும் வாடை ஏறும். துத்தநாகம் பூசிய தகரப் புனலில் புளிப்பை ஊற்றவே கூடாது, துத்தநாகம் கரைந்து உணவில் கலக்கும். பித்தளை, செம்புக்கும் அதே தடை. பிளாஸ்டிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். லேசானது, கை சுடாது, கண்ணாடி விளிம்பில் இடித்தாலும் சிம்பு போகாது. ஆனால் மஞ்சளும் தக்காளியும் அதில் நிரந்தரமாகக் குடியேறிவிடும், பூண்டு வாடை பீச் ஜாமுக்குள் வரும். ஆண்டு முழுவதும் ஊறுகாய், ஜாம், மசாலாப் பொடி என்று எல்லாவற்றுக்கும் ஒரே புனலைப் புழங்கும் வீட்டுக்கு எவர்சில்வர்தான் சரி.

எவர்சில்வரில் தரம் பல. சமையல் பாத்திரத்துக்குப் பொதுவாகச் சொல்வது 304. 18/8 என்றாலும் அதே வகைதான், அதாவது குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்ற கணக்கு. 316-இல் மாலிப்டினமும் சேரும், உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். வீட்டுப் புனலுக்கு அது தேவையில்லாத செலவு. 201, 202 என்ற வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை குறையும், புதிதில் பளபளப்பும் குறையாது, உப்புப் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரரே காந்தத்தை வைத்துக் காட்டுவார். 202-லும் காந்தம் ஒட்டாது. மாறாக, நல்ல 304 தகட்டை அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். ஆகவே காந்தம் பிடித்துக் காட்டுவது நிக்கல் இல்லாத 430 போன்ற வகையை மட்டும்தான். 304-ஐயும் 202-ஐயும் அது பிரித்துச் சொல்லாது. வெறும் கண்ணாலும் முடியாது. தரத்தின் எண் பாத்திரத்திலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்க வசதி உள்ள கடையில் வாங்குங்கள். வாங்கிய அன்றே உப்பு நீரில் நனைத்த பஞ்சைக் கைப்பிடி இணைப்பின் மேல் ஓர் இரவு ஒட்டிவையுங்கள். காலையில் பஞ்சில் பழுப்புக் கறை இருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள்.

தகட்டின் தரத்தை விட இணைப்பின் தரத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பட்டறையில் எங்கள் மேஸ்திரி, நல்ல தகட்டை மோசமான வெல்டிங் கெடுக்கும், மோசமான தகட்டை நல்ல வெல்டிங் காப்பாற்றாது என்பார். பால் குழாயில் ஒரு நூல் இழை அகலப் பள்ளம் இருந்தால் அங்கே பால் தங்கிப் புளிக்கும், அதனால் உள் இணைப்பைத் தேய்த்துத் தகட்டோடு தகடாக்கித்தான் அனுப்புவோம். புனலுக்கும் அதே கண்ணோடு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது உடம்பு. ஒரே தகட்டை அழுத்தி இழுத்துச் செய்த புனலில் இணைப்பே இருக்காது. அதுதான் சிறந்தது. தகட்டைக் கூம்பாகச் சுருட்டிப் பற்றவைத்த புனலில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு ஓடும். உள்பக்கம் அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. கழுத்தைத் தனியாகச் செய்து கூம்போடு ஒட்டியிருந்தால் அந்த வளையத்தையும் தடவிப் பாருங்கள். மடித்துப் பூட்டிய இணைப்பு என்றால் வைத்துவிட்டு வாருங்கள், அந்த மடிப்புக்குள் போன சர்க்கரைப் பாகை எந்தத் தூரிகையும் எடுக்காது.

இரண்டாவது மேல் விளிம்பு. கை அறுக்காமல் இருக்க ஓரத்தை வெளிப்பக்கமாகச் சுருட்டியிருப்பார்கள். சுருள் முழுவதும் மூடியிருக்க வேண்டும். பாதி மூடிய சுருளுக்குள் தண்ணீர் புகுந்து நிற்கும், துரு அங்கேதான் தொடங்கும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. புனலைக் கழுவி, நன்றாகத் துடைத்து, வெள்ளைக் காகிதத் துண்டின் மேல் அகன்ற வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். அரை மணி கழித்துத் தூக்கினால் காகிதம் உலர்ந்திருக்க வேண்டும். வளையமாக ஈரம் படிந்திருந்தால் சுருளுக்குள் தண்ணீர் இருந்து கசிந்திருக்கிறது. சுருட்டாமல் தகட்டை வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்த கனமான புனலும் நல்லதே. கழுத்தின் கீழ் ஓரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அங்கே பிசிர் இருக்கிறதா என்று பார்க்க விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். சிறிது பஞ்சை ஓட்டுங்கள். பிசிர் இருந்தால் பஞ்சின் இழை அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசிர்தான் ஜாடியின் கண்ணாடி விளிம்பில் சிம்பு தெறிக்கவும் வைக்கும். சிம்பு போன விளிம்பில் எந்த மூடியும் ஒட்டாது.

மூன்றாவது கைப்பிடி ஒட்டிய இடம். இரண்டு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து, நடுவில் தகடு விலகி நின்றால் அந்தச் சந்தில் அழுக்கு சேரும். பற்றவைத்த புள்ளியைச் சுற்றி நீலமோ வைக்கோல் நிறமோ படர்ந்திருந்தால் சூட்டில் தகட்டின் மேற்பரப்பு அடிபட்டிருக்கிறது, அதைச் சுத்தம் செய்யாமலே அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். துரு முதலில் தலைகாட்டும் இடம் அதுதான்.

கைப்பிடியின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட கைப்பிடி பார்க்க வசதியாகத் தெரியும். 250 மி.லி. காலி ஜாடியின் மேல் வைத்துப் பாருங்கள்; லேசான புனலாக இருந்தால் கைப்பிடிப் பக்கமாகச் சாய்ந்து கவிழும். விரலால் பிடிக்கும் அளவுக்குச் சிறிய காது, அதில் மாட்டி வைக்க ஒரு துளை, இது போதும். அந்தக் காது கழுத்தை விட்டு எவ்வளவு தள்ளி மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எவர்சில்வர் அலுமினியம் போல் சட்டென்று சூடு கடத்தாது. ஆனாலும் தொடர்ந்து ஜாம் ஊற்றிக்கொண்டிருந்தால் காதும் சுடும், பக்கத்தில் ஒரு துணி இருக்கட்டும்.

மேல் வாய் 13, 14 செ.மீ. இருந்தால் வழக்கமான குழிக்கரண்டி தட்டாமல் கவிழும். தகடு 0.7 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். அளக்க முடியாவிட்டால் மேல் வாயை இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள், நெளியக் கூடாது. மூன்று புனல், நடுவில் மாட்டும் வடிகட்டி என்று செட்டாக விற்பதைத் தொடவே வேண்டாம். அதில் மூன்றின் குழலும் ஒடுக்கமானது.

போன கோடையில் ஒரு பாத்திரக் கடையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இரண்டு புனல்களைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதில் எது நல்லது?" என்று கேட்டார். ஒன்று கண்ணாடி போல் மின்னியது. மற்றது மங்கல். மின்னியதன் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன், கூம்பும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம். மங்கலானது ஒரே தகடு. "பீச் பழத்துக்கா, தக்காளிக்கா?" என்றேன். பீச் என்றார். பாதியாக வெட்டிய பீச்சைக் கையாலோ கரண்டியாலோ அடுக்கத்தான் வேண்டும், புனல் பாகு ஊற்ற மட்டும்தான், அதற்கு அகன்ற வாய் ஜாடியை வாங்குங்கள் என்று சொல்லி, மங்கலான புனலைக் கொடுத்தேன். கடைக்காரருக்கு என் மேல் கோபம், மின்னியது விலை அதிகம்.

புதுப் புனலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். மெருகேற்றும்போது தேய்த்த பசை மேலே மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். வெள்ளைத் துணியில் சமையல் எண்ணெய் தொட்டு உள்ளேயும் வெளியேயும் தேய்த்தால் துணி கறுப்பாகும். துணி வெள்ளையாக வரும் வரை தேய்த்து, பிறகு சோப்பும் சுடுநீரும் போட்டுக் கழுவுங்கள். அடைக்கும் நாளில் ஜாடிகளோடு புனலையும் சுடுநீரில் போட்டு வையுங்கள். சூடான ஜாடி, சூடான உணவு, சூடான புனல் என்று எல்லாம் ஒரே நிலையில் இருக்கட்டும்.

தக்காளிக்கு முதலில் ஜாடிக்குள் புட்டியில் வரும் எலுமிச்சைச் சாறு போக வேண்டும். 1 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி, அரை லிட்டருக்கு 1. வீட்டில் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் புட்டிச் சாறு. அதன் பிறகு புனலை வைத்து, கொதிக்கும் தக்காளியை நிரப்பி, குமிழி எடுத்து, இடைவெளி பார்த்து, புனல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விளிம்பை ஈரத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் மூடி போட வேண்டும். வளையத்தை விரல் நுனியால் திருகினால் போதும், முறுக்க வேண்டாம். நசுக்கிச் சூடாக்கிய தக்காளி என்றால் ஸ்கார்பரோவின் உயரத்தில் கொதிநீரில் அரை லிட்டர் ஜாடி 35 நிமிடம், 1 லிட்டர் 45 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேல் இருப்பவர்கள் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் புனலை உடனே கழுவுங்கள். ஊறுகாய் உப்பு காய்ந்துபோய் இரவு முழுவதும் இருந்தால் 304-லும் புள்ளி விழலாம். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும்; பழி எவர்சில்வர் மேல் விழும். குளோரின் கலந்த பிளீச்சும் ஆகாது. கழுத்துக்குள் குழந்தைப் பால் புட்டி கழுவும் தூரிகையை விட்டுச் சுற்றுங்கள், துடைத்து, காதைப் பிடித்து ஆணியில் மாட்டுங்கள்.

ஆவக்காய், பூண்டு ஊறுகாய் போன்ற எண்ணெய் ஊறுகாயை இந்தப் புனலால் ஜாடியில் நிரப்பலாம். ஆனால் அதைத் தக்காளி போல் கொதிநீரில் வைத்து அடைத்து அலமாரியில் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், கூடாது என்பதுதான். எண்ணெய் விளிம்பில் ஏறினால் மூடி ஒட்டாது. ஒட்டினாலும் புளிப்புக் குறைந்த பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் மூழ்கிக் கிடந்தால் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இடம் கொடுத்தது போலாகும். அந்த ஜாடி குளிர்ப்பெட்டிக்குப் போகட்டும், சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.